கடை சர்வர் கணக்கை கிளவுடுக்குத் தொடர்ந்து அனுப்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கம் அரிசி ஆலை, மருத்துவமனை, உரக்கடை, பாத்திரக்கடை என்று சின்னதும் நடுத்தரமுமான இடங்களில் சர்வர் பார்த்துக்கொடுப்பது என் வேலை. எல்லா இடத்திலும் பில்லும் கணக்கும் சேர்ந்திருக்கும் டேட்டாபேஸ் கடைக்குள்ளேயே ஒரு பெட்டியில் ஓடுகிறது. அதில் எழுதப்படுவதை அவ்வப்போதே கிளவுடில், அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் தொலைதூரச் சேமிப்பில், சேர்த்துவிட வேண்டும் என்று நான் சொல்லும்போதெல்லாம் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, என் பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

ராத்திரி பத்து மணிக்கு பேக்கப் எடுத்து பென்டிரைவ்ல போட்டு வெச்சுக்கிறோம். அது போதாதா தம்பி?

பத்து மணிக்கு எடுத்த நகலில் பத்து மணி வரை நடந்ததுதான் இருக்கும். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஹார்டுடிஸ்க் போனால் அன்று காலையிலிருந்து போட்டது அத்தனையும் போச்சு. சம்பா அறுவடை நேரத்தில், தை மாசத்தில், ஓர் ஆலையில் எனக்கு இது நடந்தது. அன்று வந்து இறங்கிய லோடுகளின் எடைச்சீட்டை எல்லாம் டிரைவர்களிடமிருந்தும் வியாபாரிகளிடமிருந்தும் திரும்ப வாங்கி, இரண்டு பேர் மூன்று நாள் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். சில சீட்டு கிடைக்கவே இல்லை.

இன்னொன்று, அந்த பென்டிரைவ் எங்கே இருக்கிறது? கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் சர்வர் மேசை இழுப்பறையில்தான் இருக்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது கூரை போன கட்டடங்களில் சர்வரும் நனைந்தது, இழுப்பறையும் நனைந்தது. ராத்திரி பேக்கப்பை நிறுத்தச் சொல்லவில்லை. அது இருக்கட்டும். அதற்கும் அடுத்த ராத்திரிக்கும் நடுவில் இருக்கும் பகல் நேரத்தைத்தான் நான் காப்பாற்றப் பார்க்கிறேன்.

தொடர்ந்து போகுதுன்னா என்ன போகுது? மொத்த டேட்டாபேஸும் நிமிஷத்துக்கு ஒரு தடவை ஏறுமா?

இல்லை. பழைய கணக்குப்பிள்ளைகள் வேலை செய்த விதத்தை நினைத்துப் பாருங்கள். வியாபாரம் நடக்க நடக்க முதலில் சிட்டையில் எழுதுவார்கள். அப்புறம் சாவகாசமாக அதைப் பார்த்துப் பேரேட்டில் அவரவர் பக்கத்தில் ஏற்றுவார்கள். டேட்டாபேஸும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. நீங்கள் ஒரு பில் போட்டவுடன் அந்த மாற்றம் முதலில் ஒரு லாக் ஃபைலில் வரிசையாக எழுதப்படும். அது வட்டில் பதிந்த பிறகுதான் 'பில் சேமிக்கப்பட்டது' என்று திரையில் வரும். பேரேடான பெரிய ஃபைலில் அது பிறகு ஏறும். போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் இந்த லாகை 16 எம்பி துண்டுகளாக எழுதுகிறது. மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் லாகுக்கு பைனரி லாக் என்று பெயர். எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில், முதலில் லாகில் எழுதும் 'வால்' (WAL) முறையை இயக்கினால் டேட்டாபேஸுக்குப் பக்கத்திலேயே '-வால்' என்று முடியும் ஒரு ஃபைல் வரும்.

கிளவுடுக்கு ஒரு முறை பேரேட்டின் முழு நகல் போகும். அதற்குப் பிறகு சிட்டை மட்டும் போய்க்கொண்டே இருக்கும். ஏதாவது ஆனால் முழு நகலை எடுத்து வைத்து, அதன் மேல் சிட்டையை முதல் வரியிலிருந்து திரும்ப ஏற்றினால் கடைசி பில் வரை வந்துவிடும். சிட்டையில் நடுவில் ஒரு பக்கம் கிழிந்தால் அதற்கு மேல் ஏற்ற முடியாது. கீழே வரும் பதில்களில் பாதி இந்தப் பக்கம் கிழியாமல் பார்த்துக்கொள்வது பற்றியதுதான்.

கூகுள் டிரைவ் ஃபோல்டருக்குள்ளயே டேட்டாபேஸை வெச்சுட்டா தானா ஏறிடுமே. எதுக்கு இவ்வளவு சிரமம்?

தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். டிரைவ் மாதிரியான மென்பொருளுக்கு ஃபைல்தான் தெரியும், டேட்டாபேஸ் தெரியாது. ஃபைலின் தலையைப் படிக்கும்போது ஒரு நிலை, வாலைப் படிக்கும்போது பில் கவுண்டரில் இன்னொருவர் வேறு எழுதியிருப்பார். இரண்டும் சேர்ந்து எந்த நேரத்திலும் இல்லாத ஒரு கணக்கு கிளவுடில் உட்காரும். எஸ்க்யூலைட்டாக இருந்தால் பெரிய ஃபைல் போய் '-வால்' ஃபைல் போகாமல் இருக்கும், அல்லது இரண்டும் வேறு வேறு நேரத்தில் போகும். திறந்து பார்க்கும் வரை எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும்.

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை நகல் எடுக்க வேண்டுமென்றால் அதற்கென்று அந்த டேட்டாபேஸே வைத்திருக்கும் வழியில்தான் எடுக்க வேண்டும்.

எங்க சாஃப்ட்வேர் உள்ள எந்த டேட்டாபேஸ்னே எங்களுக்குத் தெரியாது சார். எல்லாத்துக்கும் நடக்குமா?

மென்பொருள் போட்டுக்கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுவார். போஸ்ட்கிரஸ் என்றால் வழி தெளிவாக இருக்கிறது: 'ஆர்க்கைவ் கமாண்ட்' என்ற அமைப்பில் ஒரு கட்டளையைக் கொடுத்தால், ஒவ்வொரு துண்டு முடிந்ததும் அது தானாக ஓடும். பிஜிபேக்ரெஸ்ட், வால்-ஜி, பார்மன் போன்ற கருவிகள் துண்டுகளைச் சுருக்கி, சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி, அமேசானின் எஸ்3 போன்ற கிளவுட் சேமிப்பில் போட்டுவிடும். எஸ்க்யூலைட்டுக்கு லைட்ஸ்ட்ரீம் என்ற கருவி 2021-இல் வந்தது. உங்கள் மென்பொருளில் ஒரு வரியையும் மாற்ற வேண்டாம். பக்கத்தில் தனியாக ஓடிக்கொண்டு, இயல்பாக நொடிக்கு ஒரு முறை புதிதாக எழுதியதை அனுப்பும். மைஎஸ்க்யூஎல் 8-இல் பைனரி லாக் தானாகவே இயங்கும். அதை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும் வசதி அதன் 'மைஎஸ்க்யூஎல்பின்லாக்' கருவியிலேயே உண்டு.

நம் பக்கம் கடைகளில் அதிகம் பார்ப்பது மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு. இதில் இரண்டு சிக்கல். பெரும்பாலும் அது 'சிம்பிள்' என்ற மீட்பு முறையில் இருக்கும். அந்த முறையில் லாக் பேக்கப் எடுக்கவே முடியாது. 'ஃபுல்' முறைக்கு மாற்றி, ஒரு முழு பேக்கப் எடுத்து, அதன் பிறகு லாக் பேக்கப்பைத் தொடங்க வேண்டும். மாற்றிவிட்டு லாக் பேக்கப் எடுக்காமல் விட்டால் லாக் ஃபைல் வளர்ந்துகொண்டே போய் வட்டை அடைத்துவிடும். இன்னொன்று, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் 'ஏஜென்ட்' எக்ஸ்பிரஸில் கிடையாது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று வைத்து, வெளியே வரும் லாக் பேக்கப்பை ஏற்ற வேண்டும்.

டாலி தன் கணக்கைத் தனக்கே உரிய ஃபைல்களில் வைத்திருக்கிறது. அதற்கு இந்தப் பக்கத்தில் சொல்வது எதுவும் பொருந்தாது. டாலியின் பேக்கப் வசதியைப் பகலில் இரண்டு மூன்று தடவை ஓட்டி அந்த ஃபைலை அனுப்புங்கள்.

எங்க நெட்டுக்கு இது தாங்குமா?

சிட்டைக்குத் தாங்கும். முதல் முழு நகலுக்குத்தான் பொறுமை வேண்டும். டேட்டாபேஸ் 40 ஜிபி, நெட்டின் ஏற்றும் வேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்று வைத்தால் கிட்டத்தட்ட 9 மணி நேரம். இறக்கும் வேகத்தைப் பார்த்துவிட்டு '100 இருக்கே' என்று சொல்பவர்கள் அதிகம். சில இணைப்புகளில் ஏற்றும் வேகம் அதில் ஒரு பங்குதான், சோதித்துப் பாருங்கள். சனிக்கிழமை கடை மூடியதும் ஆரம்பித்தால் ஞாயிறு காலைக்குள் முடிந்துவிடும்.

போஸ்ட்கிரஸில் ஒரு கணக்கு இருக்கிறது. சின்னக் கடையில் 16 எம்பி துண்டு நிறைய வெகுநேரம் ஆகும். நிறையாத துண்டு கிளம்பாது. அதனால் 'ஆர்க்கைவ் டைம்அவுட்' என்று ஒரு நேரம் வைத்து, நிறையாவிட்டாலும் அனுப்பச் சொல்கிறோம். ஒரு நிமிடம் என்று வைத்தால் 12 மணி நேரக் கடையில் 720 துண்டு, சுருக்காமல் பார்த்தால் 11.5 ஜிபி. ஐந்து நிமிடம் என்றால் 144 துண்டு, 2.3 ஜிபி. துண்டில் பெரும்பகுதி வெற்றிடம் என்பதால் சுருக்கினால் மிகவும் இளைத்துவிடும். அதனால் சுருக்கத்தை இயக்காமல் ஒருபோதும் விடாதீர்கள். நான் மருத்துவமனைக்கு ஒரு நிமிடமும் கடைகளுக்கு ஐந்து நிமிடமும் வைக்கிறேன்.

நெட் போயிட்டா என்ன ஆகும்?

டெல்டாவில் இது வருஷா வருஷம் வரும் கேள்வி. மேட்டூர் திறப்பதற்கு முன்னால் வாய்க்கால் தூர்வார ஜேசிபி இறங்கும். கரையோரம் புதைத்த ஃபைபர் அறுந்துபோகும். ஒட்டுவதற்கு ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் காற்றும் போஸ்ட்டில் தொங்கும் கேபிளைப் பார்த்துக்கொள்ளும்.

நெட் இல்லாவிட்டாலும் கடை நிற்காது. டேட்டாபேஸ் கடைக்குள் இருப்பதால் பில் ஓடிக்கொண்டே இருக்கும். போக முடியாத சிட்டைத் துண்டுகள் வட்டில் வரிசையில் காத்திருக்கும். நெட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து போகும். ஆனால் அந்த வரிசைக்கு இடம் வேண்டும். போஸ்ட்கிரஸ், அனுப்பி முடிக்காத துண்டை அழிக்காது. வட்டு நிறைந்தால் டேட்டாபேஸே நின்றுவிடும். பேக்கப்புக்காக வைத்த ஏற்பாடு கடையை மூடியதாக ஆகிவிடும். ஒரு வாரம் நெட் இல்லாவிட்டாலும் தாங்கும் அளவுக்குக் காலி இடம் விட்டு வையுங்கள். அந்த அளவை அறுவடை நேரத்து வாரத்தை வைத்துக் கணக்குப் பாருங்கள், ஆடி மாசத்தை வைத்து அல்ல.

வரிசைக்கு ஒரு வரம்பு வைக்கும் வசதி சில கருவிகளில் உண்டு. வரம்பு தாண்டினால் துண்டுகளை விட்டுவிட்டு டேட்டாபேஸைக் காப்பாற்றும். நல்ல வசதிதான். ஆனால் அது இயங்கிய நிமிடத்தில் சிட்டையில் பக்கம் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். உடனே புதிதாக ஒரு முழு நகல் எடுத்தே ஆக வேண்டும்.

கரண்ட் போயிட்டா?

டேட்டாபேஸ்கள் இதற்கென்றே கட்டப்பட்டவை. கரண்ட் திரும்பியதும் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைத் தானே சரிசெய்துகொள்ளும். மலிவான சில வட்டுகள் எழுதி முடிக்காமலேயே 'எழுதிவிட்டேன்' என்று சொல்வதால்தான் கெடுகிறது. அதனால் சர்வருக்கு யூபிஎஸ் கட்டாயம், அது பேட்டரி தீரும்போது சர்வரை முறையாக அணைக்கும்படி கம்பியும் மாட்டியிருக்க வேண்டும். ரௌட்டரையும் ஃபைபர் பெட்டியையும் அதே யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். இரண்டும் சாப்பிடும் கரண்ட் மிகக் குறைவு. கடைசிப் பத்து நிமிடச் சிட்டை கிளவுடுக்குப் போய்ச் சேர அது போதும்.

யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறது. நாலைந்து வருஷப் பெட்டியில் அது செத்திருந்தால், கரண்ட் போய் வரும்போது சர்வரின் கடிகாரம் பல வருஷம் பின்னால் போய்விடும். பில்லில் தேதி தப்பாக வருவது ஒரு பக்கம். நேரம் 15 நிமிடத்துக்கு மேல் பிசகினால் எஸ்3 அந்த அனுப்புதலை ஏற்காது. தேதி வருஷக்கணக்கில் பிசகினால் பாதுகாப்புச் சான்றிதழே செல்லாது என்று இணைப்பும் அறுந்துவிடும். நெட் இருக்கும், கரண்ட் இருக்கும், ஒன்றும் ஏறாது. ஒரு இடத்தில் நான் இதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. பேட்டரியை மாற்றுங்கள், கடிகாரத்தை இணையத்தோடு தானாகச் சரிபார்க்க வையுங்கள்.

எங்களுக்கு ஒரு பில் கூட போகக் கூடாது. உத்தரவாதம் கொடுப்பீங்களா?

கொடுக்க மாட்டேன். பில் போட்டதற்கும் அது கிளவுடில் சேர்வதற்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. லைட்ஸ்ட்ரீமில் நொடிக் கணக்கு, மேலே சொன்ன போஸ்ட்கிரஸ் ஏற்பாட்டில் ஒன்று முதல் ஐந்து நிமிடம். நெட் அறுந்திருந்தால் அறுந்திருக்கும் நேரம் முழுவதும். சரியாக அந்த இடைவெளியில் சர்வர் அடியோடு போனால் அந்தச் சில பில்கள் போகும்.

இடைவெளியே வேண்டாமென்றால், கிளவுடில் சேர்ந்த பிறகுதான் 'சேமித்தாச்சு' என்று சொல்ல வைக்கலாம். அப்புறம் நெட் போனால் பில்லும் நிற்கும். நம் ஊருக்கு அது ஒத்துவராது. அதற்குப் பதில் கடைக்குள்ளேயே இன்னொரு அறையில், முடிந்தால் மாடியில், ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து அதற்கும் சிட்டையை அனுப்புங்கள். உள்ளூர் கம்பியில் அது அந்த நொடியே போய்ச் சேரும். ஒரு சர்வர் பழுதானால் மாடிப் பெட்டி காப்பாற்றும். கட்டடமே போனால் கிளவுட் காப்பாற்றும்.

ஆள் ஒருத்தர் தப்பா அழிச்சுட்டா அதுவும் கிளவுடுக்குப் போயிடுமே. அப்ப என்ன பிரயோஜனம்?

மிகச் சரியான கேள்வி. இரண்டாவது சர்வரில் அப்படியே பிரதி எடுத்து வைத்திருந்தால் அழித்ததும் அங்கேயும் அழியும். ஆனால் கிளவுடில் நாம் வைத்திருப்பது பிரதியை அல்ல, சிட்டையை. 'இன்னார் கணக்கை அழித்தேன்' என்பது அதில் கடைசி வரி. அதற்கு முந்தின வரியோடு நிறுத்திக்கொண்டு ஏற்றினால் அழிப்பதற்கு முந்தின நிமிடத்துக் கணக்கு கிடைக்கும். அதை ஓடும் டேட்டாபேஸின் மேல் போடக் கூடாது. தனி இடத்தில் எழுப்பி, அழிந்ததை மட்டும் எடுத்து வந்து சேர்க்க வேண்டும்.

நேரம் கொடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. கிளவுடில் எழுப்பும் கம்ப்யூட்டர் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். பிற்பகல் 3.40-க்கு அழித்தார்கள் என்று '15:39 வரை ஏற்று' என்றால், அது நம் நேரம் இரவு 9.09 என்று புரிந்துகொள்ளும். அழித்ததும் சேர்ந்தே ஏறும். அல்லது அந்த நேரம் இன்னும் வரவே இல்லை என்று பிழை காட்டி நிற்கும். நேரத்தின் பின்னால் '+05:30' என்று எப்போதும் எழுதுங்கள்.

எவ்வளவு நாள் பின்னால் போகலாம் என்பது எவ்வளவு நாள் சிட்டையை வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தப்பு நடந்தது தெரியவே சில சமயம் மாசக் கடைசி ஆகும். நான் 35 நாளுக்குக் குறைவாக வைப்பதில்லை.

வைரஸ் வந்து எல்லாத்தையும் பூட்டிட்டா? கிளவுடுக்குப் போற சாவியும் அதே சர்வர்லதானே இருக்கு?

ஆமாம், அதனால்தான் அந்தச் சாவிக்கு அழிக்கும் அதிகாரம் கொடுக்கக் கூடாது. எழுத மட்டும் உரிமை கொடுத்து, பழையதை அழிக்கும் வேலையைக் கிளவுட் பக்கத்து விதியிடம் அல்லது வேறு சாவியிடம் விடுங்கள். அதற்கும் மேல், எஸ்3-இல் 'ஆப்ஜெக்ட் லாக்' என்ற வசதி 2018-இலிருந்து இருக்கிறது. கடுமையான முறையில் அதை வைத்தால் குறித்த நாள் முடியும் வரை கணக்கின் உரிமையாளர் நினைத்தாலும் அழிக்க முடியாது. நாளை எண்ணிப் பார்த்து வையுங்கள், தப்பாக 10 வருஷம் என்று போட்டால் 10 வருஷம் காசு கட்ட வேண்டும்.

நோயாளி விவரம் எல்லாம் வெளியே போகுதே, சட்டப்படி சரியா?

போகும் முன்பே பூட்டி அனுப்பினால் பயமில்லை. மேலே சொன்ன போஸ்ட்கிரஸ் கருவிகளில் பூட்டி அனுப்பும் வழி உண்டு. ஆனால் பூட்டப் பயன்பட்ட ரகசியச் சொல்லான சாவியைச் சர்வரில் மட்டும் வைத்திருந்து சர்வர் எரிந்துபோனால், கிளவுடில் இருப்பதை உங்களாலும் திறக்க முடியாது. சாவியைக் காகிதத்தில் அச்சிட்டு உறையில் போட்டு முதலாளியின் வீட்டு பீரோவில் ஒன்று, வங்கி லாக்கரில் ஒன்று என்று வைக்கச் சொல்கிறேன். இதைச் செய்யாதவர்களுக்கு நான் வேலையை முடித்துக் கையெழுத்துப் போட்டதில்லை.

இடம் இந்தியாவாகவே இருக்கட்டும். அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், மைக்ரோசாஃப்ட்டுக்குச் சென்னையிலும் புனேயிலும், கூகுளுக்கு மும்பையிலும் டெல்லியிலும் மையங்கள் இருக்கின்றன. கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனங்கள் கணக்குப் புத்தகத்தின் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. 2023-இன் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் விவரம் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. மருத்துவமனைக்காரர்கள் ஒரு வழக்கறிஞரிடமும் பேசிவிடுங்கள்.

கிளவுட் இடமே எரிஞ்சு போனா?

எரிந்திருக்கிறது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் ஒரு மையம் தீப்பிடித்து அழிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இழந்தார்கள். உங்கள் விஷயத்தில் மூலம் கடையில் இருக்கிறது, நகல் தொலைவில் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் போக வேண்டும். அது உறுத்தினால் முழு நகலை மட்டும் வாரம் ஒரு முறை வேறொரு ஊர் மையத்திலும் போடுங்கள்.

மாசம் எவ்வளவு ஆகும்?

மூன்றுக்குக் காசு: எவ்வளவு இடம், எத்தனை தடவை அனுப்பினீர்கள், எவ்வளவு வெளியே எடுத்தீர்கள். கடைகளுக்கு முதலாவது பெரிய தொகை இல்லை. நொடிக்கு ஒரு தடவை அனுப்பும் ஏற்பாட்டில் 12 மணி நேரத்துக்கு அதிகபட்சம் 43,200 அனுப்புதல் வரும். அது கூடுதலாகத் தெரிந்தால் இடைவெளியைப் பத்து நொடி ஆக்குங்கள். வெளியே எடுப்பதற்கு ஆகும் காசைப் பயந்து சோதனை மீட்பைத் தள்ளிப்போடாதீர்கள். அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

எல்லாம் பச்சையாத்தான் காட்டுது. நிஜமாவே வேலை செய்யுதுன்னு எப்படி நம்புறது?

நம்பக் கூடாது, எழுப்பிப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்திலேயே ஒரு பதிலை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் எழுதுபவர்களுக்குச் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்பகத்தை அழித்துவிட்டார். ஒன்றுக்கு ஐந்து பேக்கப் வழிகள் வைத்திருந்தார்கள். எஸ்3-இல் பார்த்தால் காலியாக இருந்தது. பேக்கப் எடுக்கும் கருவி பழைய பதிப்பு, டேட்டாபேஸ் புதிய பதிப்பு, அதனால் ஒவ்வொரு நாளும் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்னால் வேறு வேலைக்காக எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. நடந்ததை அவர்களே ஒளிக்காமல் வெளியிட்டார்கள். கணினியே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்த நிலை என்றால், நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

நான் செய்வது இது. வாரம் ஒரு முறை கிளவுடில் இருப்பதை வைத்து ஒரு தனிக் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸை எழுப்புகிறேன். கடைசி பில் எண் என்ன, அது எத்தனை மணிக்குப் போட்டது என்று பார்த்துக் கடையில் இருப்பதோடு ஒப்பிடுகிறேன். எஸ்க்யூலைட்டில் முழுமைச் சோதனைக் கட்டளையை ஓட்டுகிறேன். மாசம் ஒரு முறை கடைக்காரரையே உட்கார வைத்து, அவருக்குத் தெரிந்த மூன்று வாடிக்கையாளரின் பாக்கியைப் பார்க்கச் சொல்கிறேன். எண் சரியாக இருப்பது எனக்குத் தெரியும், கணக்கு சரியாக இருப்பது அவருக்குத்தான் தெரியும். எச்சரிக்கையையும் 'தோற்றால் சொல்' என்று வைக்காமல் 'ஒரு மணி நேரமாகப் புதிய துண்டு வரவில்லை என்றால் சொல்' என்று கிளவுட் பக்கமிருந்து வைக்கிறேன். செத்த சர்வர் தான் செத்ததைச் சொல்லாது.

ஒரு மருத்துவமனையில் முதல் சோதனையிலேயே தெரிந்தது: பெயர், கட்டணம், சீட்டு எல்லாம் வந்தன, ஸ்கேன் படங்கள் வரவில்லை. படங்கள் டேட்டாபேஸுக்குள் இல்லை, பக்கத்து ஃபோல்டரில் இருந்தன. சிட்டையில் அவை வரவே வராது. அவற்றைத் தனியாக அனுப்ப வேண்டும்.

நிஜமாவே சர்வர் போயிட்டா எவ்வளவு நேரத்துல கடை ஓடும்?

முழு நகலை இறக்கும் நேரம், அதற்குப் பிறகு சேர்ந்த சிட்டையை ஏற்றும் நேரம், மென்பொருள் போடும் நேரம் மூன்றும் சேர்ந்து. முழு நகல் மூன்று மாசம் பழையது என்றால் மூன்று மாசச் சிட்டையை ஏற்ற வேண்டும். அதனால் வாரம் ஒரு முழு நகல் எடுங்கள். 40 ஜிபி கடையில் என் சோதனைகளில் அரை நாளுக்குள் முடிகிறது. புது ஹார்டுவேர் வாங்க அலைவதுதான் பெரும்பாலும் அதைவிட அதிக நேரம்.

போஸ்ட்கிரஸில் இந்த முறையில் எடுத்த நகல் அதே பெரிய பதிப்பில்தான் எழும்பும். 13-இல் எடுத்ததை 16-இல் திறக்க முடியாது. விண்டோஸில் எடுத்ததை லினக்ஸில் திறக்க முடியாது. பதிப்பு எண்ணையும் படிகளையும் ஒரு காகிதத்தில் எழுதி, சாவி இருக்கும் அதே உறையில் வையுங்கள். கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, செல்போன் சிக்னலும் சரியாக இல்லை. அப்படி ஒரு நாளில் என்னைக் கூப்பிட முடியாவிட்டாலும், தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஒரு லேப்டாப்பில் வேறொருவர் அதைப் பார்த்து எழுப்பிவிட வேண்டும்.

மீட்டு எடுத்தோம். எல்லாம் இருக்கு, ஆனா சில பேரைத் தேடினா வரலை. பட்டியலை ஓட்டினா வருது. இது என்ன மாயம்?

தரவு சரியாக இருக்கிறது, அகரவரிசைதான் மாறியிருக்கிறது. போஸ்ட்கிரஸ் எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதைப் பெரும்பாலும் லினக்ஸின் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்திடம் கேட்டுக்கொள்கிறது. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28 அந்த வரிசைகளைப் பெரிய அளவில் மாற்றியது. பழைய லினக்ஸில் அடுக்கிய இண்டெக்ஸை, அதாவது தேடுவதற்கான அட்டவணையை, புதிய லினக்ஸில் எழுப்பினால், தேடும் முறை ஒரு வரிசையிலும் அடுக்கு இன்னொரு வரிசையிலும் இருக்கும். பெயர் இருந்தும் கிடைக்காது. இன்னும் மோசம், ஒரே பெயர் இரண்டு முறை பதிவாகவும் விட்டுவிடும். 'ரீஇண்டெக்ஸ்' கட்டளையை முழு டேட்டாபேஸுக்கும் ஓட்டிவிட்டுத்தான் கவுண்டரைத் திறக்க வேண்டும். முந்தின பதிலில் சொன்ன காகிதத்தில் லினக்ஸ் பதிப்பையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

கிளவுட்ல இருந்து புது சர்வர்ல எழுப்பி ஓட்டிக்கிட்டிருக்கோம். பழைய சர்வரும் திடீர்னு உயிர் வந்துடுச்சு. ரெண்டையும் ஓட்டலாமா?

கூடாது. முதலில் பழைய சர்வரின் நெட் கம்பியைப் பிடுங்குங்கள், மற்றதை அப்புறம் யோசிக்கலாம். இரண்டும் ஒரே கிளவுட் இடத்துக்குச் சிட்டை அனுப்ப ஆரம்பித்தால், இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒரே சிட்டையில் மாறி மாறி எழுதிய மாதிரி ஆகும். போஸ்ட்கிரஸ் மீட்டெடுத்ததும் 'டைம்லைன்' எண்ணை ஒன்று கூட்டிக்கொண்டு தன் துண்டுகளுக்கு வேறு பெயர் வைப்பதால் ஓரளவு தப்பிக்கும். லைட்ஸ்ட்ரீமில் இரண்டு சர்வர் ஒரே பாதையில் எழுதினால் அந்த நகலை நம்ப முடியாது. எந்தக் கருவியாக இருந்தாலும் புது சர்வருக்குக் கிளவுடில் புதுப் பாதை கொடுத்து, முதல் வேலையாக ஒரு முழு நகல் எடுங்கள்.

பழைய சர்வரைத் துடைத்துவிடவும் வேண்டாம். அது நிற்பதற்கு முன்னால் கடைசியாக எழுதி, கிளவுடுக்குப் போய்ச் சேராத பில்கள் அதற்குள் இருக்கும். உத்தரவாதம் பற்றிய கேள்வியில் சொன்ன அந்த இடைவெளிதான். ஓர் ஆலையில் அப்படி 14 எடைச்சீட்டு இருந்தது. பழைய பெட்டியைத் தனியாக, நெட் இல்லாமல் திறந்து, அந்த 14-ஐ மட்டும் திரையில் பார்த்துப் புதிய சர்வரில் கையால் பதிந்தோம். சீட்டு எண்கள் மோதின, ஏனென்றால் புது சர்வர் அதே எண்களிலிருந்து ஆரம்பித்திருந்தது. பழையவற்றுக்கு முன்னால் 'ப' என்று ஓர் எழுத்தைச் சேர்த்துப் போட்டோம். இப்போது எந்த இடத்தில் மீட்டாலும், கவுண்டர் திறக்கும் முன் அடுத்த சீட்டு எண்ணை ஆயிரம் தள்ளி வைத்துவிடுகிறேன்.